குணமடைந்தோர் கணக்கு

2020 கோடையில் தமிழ்நாடு அரசு மாலைதோறும் வெளியிட்ட கொரோனா அறிக்கையில் ஊர் தேடிப் படித்தது மூன்று எண்களை: தொற்று உறுதியானவர்கள், குணமடைந்து வீடு திரும்பியவர்கள், உயிரிழந்தவர்கள். முதல் எண்ணை வைத்துச் சர்ச்சை நடந்தது. பரிசோதனை போதவில்லை என்றார்கள். மூன்றாம் எண்ணை வைத்தும் நடந்தது. கடைசியில் ஜூலை 22 அன்று, சென்னையில் விடுபட்டிருந்த 444 மரணங்களை அரசே கணக்கில் சேர்த்தது. நடுவில் இருந்த எண்ணை மட்டும் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. அது கூடக் கூட எல்லோருக்கும் நிம்மதி. படுக்கையை விட்டு எழுந்தவர், தனிமைப்படுத்தப்பட்ட நாட்களைக் கழித்தவர், மூச்சு சீரானவர் எல்லோரும் அதில் சேர்ந்தார்கள். சேர்ந்த கையோடு அவர்களுடைய கணக்கும் முடிக்கப்பட்டது. கொரோனா மூளையிலும் மனதிலும் விட்டுச் சென்ற பாதிப்பைப் பற்றி வட சென்னையில் இன்று பேச வேண்டுமானால், அந்த நடு எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொள்ளை நோய் வந்தபோதெல்லாம் எழுந்து நின்றவரை அந்த இடத்திலேயே கைகழுவி விடுவது இந்தத் துறைமுகப் பகுதியின் நிர்வாக வழக்கமாக இருந்திருக்கிறது. அதை மீறிய முன்னுதாரணங்களும் இதே நகரத்தின் வரலாற்றில் உண்டு என்பதுதான் இப்போது நினைவூட்ட வேண்டிய செய்தி.

வட சென்னையின் கொடுங்கையூரை எடுத்துக்கொள்வோம். அது சென்னை மாநகராட்சியின் தண்டையார்பேட்டை மண்டலத்தில் இருக்கிறது. 2020 ஜூலையில் நகரம் முழுவதும் 12,405 பேரின் ரத்தத்தில் கொரோனா எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்த்தபோது ஐந்தில் ஒருவருக்கு அது இருந்தது. மண்டலவாரியாகப் பிரித்ததில் முதலிடம் தண்டையார்பேட்டைக்கு: ஏறத்தாழ 44 சதவீதம். பரிசோதனையில் அகப்பட்டு அறிக்கையில் ஏறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ரத்தம் காட்டிக்கொடுத்தவர்களோ லட்சக்கணக்கில். முதல் அலை அடங்குமுன்பே இந்த மண்டலத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேரை வைரஸ் தொட்டுவிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கையில் அதற்கான ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. காய்ச்சல் வந்தது, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினார்கள், போனது. இதைச் சமூக நோய் எதிர்ப்பு என்று அப்போது சிலர் நற்செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். நோய்க்குப் பின் என்ன என்று கேட்கிறவர்களுக்கு அதே எண் வேறொன்றைச் சொல்கிறது: தமிழ்நாட்டின் தலைநகரில் தொற்று அதிகம் பரவிய இடமும், தொற்றியதற்கான ஆவணம் அதிகம் இல்லாத இடமும் ஒன்றே.

ஆவணம் இருந்த நாடுகளில் என்ன தெரிந்தது? பிரிட்டனில் தொற்றுக்கு முன்பே மூளைப் படம் எடுக்கப்பட்டிருந்த 785 பேரை மீண்டும் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்களில் 401 பேருக்குக் கொரோனா வந்து போயிருந்தது. 2022இல் வெளிவந்த முடிவு: வந்தவர்களின் மூளையில், மணத்தோடும் நினைவோடும் தொடர்புள்ள பகுதிகளில், வராதவர்களைவிட 0.2 முதல் 2 சதவீதம் வரை கூடுதல் தேய்வு. இவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கே போகாதவர்கள். 2024இல் இங்கிலாந்தில் 1,12,964 பேரின் நினைவாற்றலையும் கணித்துச் செயல்படும் திறனையும் அளந்த இன்னொரு ஆய்வு வந்தது. முழுவதும் குணமாகிவிட்டோம் என்று சொன்னவர்களுக்கும் அறிவுத்திறன் அளவையில் சுமார் 3 புள்ளி குறைவு. தொந்தரவு நீங்காதவர்களுக்கு 6. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்தவர்களுக்கு 9. மூன்று மாதம் கழித்தும் தொடர்ந்து, இரண்டு மாதமாவது நீடித்து, வேறு காரணம் காட்ட முடியாத தொந்தரவுகளைக் கொரோனாவுக்குப் பிந்தைய நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே வரையறுத்தது. அசதி, மூச்சிரைப்பு ஆகியவற்றோடு மூளை மந்தமும் அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்று. தேடிய சொல் வாயில் வராது. அடுப்பில் பால் வைத்தது நினைவில் நிற்காது. இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்தால் இரண்டும் கெடும். ‘மண்டை வேலை செய்யல’ என்று தெருவில் சொல்வது இதைத்தான்.

கொள்ளை நோய்க்குப் பின் மனம் தளர்வது இப்போது முளைத்த புதுமை அல்ல. 1889இல் ரஷ்யாவிலிருந்து பரவிய ‘ரஷ்யக் காய்ச்சல்’ ஓய்ந்த பிறகு, நோயிலிருந்து எழுந்தவர்களிடம் நீங்காத சோர்வையும் மனச்சோர்வையும் பிரிட்டிஷ், ஜெர்மானிய மருத்துவர்கள் விரிவாக எழுதி வைத்தார்கள். அந்தக் காய்ச்சலையே ஒரு கொரோனா வைரஸ்தான் உண்டாக்கியதோ என்ற ஐயம் ஆய்வாளர்களிடையே உண்டு. அது இன்னும் நிரூபணமாகவில்லை. 1918இன் இன்ஃபுளுவென்சாவுக்குப் பின் நார்வேயில் அந்தக் காய்ச்சலைக் காரணமாகக் காட்டி மனநல மருத்துவமனைகளில் முதன்முறையாகச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை அடுத்த ஆறு ஆண்டுகளில் சராசரியாக ஏழு மடங்கு உயர்ந்ததை அங்குள்ள பதிவேடுகள் காட்டுகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவின் டங்கனீக்காவில் பிழைத்தவர்களுக்கு 1919இல் மழை வந்தும் விதைக்கத் தெம்பில்லை. அந்த அசதி பஞ்சத்தில் கொண்டுபோய் விட்டது. உலகிலேயே 1918 காய்ச்சலுக்கு அதிகம் பேரைப் பலி கொடுத்த நாடு இந்தியா. ஒரு கோடிக்கு மேல் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை, எவ்வளவு மேல் என்பதில்தான் சர்ச்சை. சென்னையில் அது சாதாரண ஆண்டும் அல்ல. ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செப்டம்பரில் அரிசி விலை தாங்காமல் கடைகள் சூறையாடப்பட்டன. அந்த இலையுதிர்காலத்தில் காய்ச்சலும் உச்சத்துக்குப் போனது. பட்டினியும் காய்ச்சலும் சேர்ந்து அடித்த அந்த உடம்புகள் 1919இல் தறிக்கு முன் எப்படி நின்றன என்பதைச் சொல்ல இந்தியாவில் நார்வே போன்ற பதிவேடு இல்லை. சுகாதார ஆணையர்கள் பிணங்களை எண்ணினார்கள். எழுந்து நின்றவர்களை எண்ணுவது அவர்கள் வேலையாக இருக்கவில்லை.

ஏன் இல்லை என்பதற்கு இந்தப் பகுதியின் பொருளாதாரத்திலேயே விடை இருக்கிறது. துறைமுகமும் ஆலையும் மனித உடம்பிடம் கேட்ட கேள்வி ஒன்றே: இவன் நோயைக் கொண்டுவருகிறானா, இல்லையா? சென்னைத் துறைமுகம் வழியாக மலாயாத் தோட்டங்களுக்குப் போன கூலிகள் ஆவடி முகாமில் தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டார்கள். தேறியவர் கப்பலேறினார், தேறாதவர் ஊர் திரும்பினார். காலரா, அம்மை கண்டவர்கள் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைக்குப் போனார்கள். தொற்று நீங்கியதும் அனுப்பப்பட்டார்கள். மனம் பிசகியவர்களுக்கு வேறு வழி, வேறு கட்டடம்: கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் 1794இல் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்த மனநோயாளர் விடுதி. ஒன்று பரவும் நோயிடமிருந்து ஊரைக் காக்க. இன்னொன்று அடங்காத மனிதரிடமிருந்து ஊரைக் காக்க. இரண்டுக்கும் நடுவே ஒருவர் இருக்க முடியும் என்று யாரும் யோசிக்கவில்லை: காய்ச்சல் போய்விட்டது, பைத்தியமும் இல்லை, ஆனால் முன்போல மூளை ஓடவில்லை. இப்படிப்பட்டவருக்கு அந்தக் காலத்திலும் வார்டு கிடையாது, இப்போதும் கிடையாது. மேஸ்திரி அவருக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தார். வீடு குடிகாரன் என்று வைத்தது. மூன்றாவதாக ஒரு பெயரை மருத்துவம் வைத்துத் தரவில்லை.

இந்த வழக்கத்தின் சுமை கொடுங்கையூர் போன்ற இடத்தில் இரட்டிப்பாகிறது. நகரம் தனக்கு வேண்டாததை வடக்கே தள்ளிவிடும் பழக்கத்தில் உருவான ஊர் இது. கழிவுநீர் இங்கே வந்து சேர்ந்தது. 1980களிலிருந்து குப்பையும் சேர்ந்தது. முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த கிடங்கு, வட, மத்திய சென்னை மண்டலங்களின் குப்பையைத் தினமும் வாங்கிக்கொள்கிறது. சுத்திகரித்த கழிவுநீர் மணலியின் எண்ணெய், உர ஆலைகளுக்குப் போகிறது. இந்தக் கிடங்கை ஒட்டி வளர்ந்த தொழில்களைப் பார்த்தால் மூளை மந்தம் என்பது இங்கே என்ன விலை என்று தெரியும். குப்பை பொறுக்குகிறவரின் திறமை கையில் இருப்பதாகத்தான் வெளியாள் நினைப்பார். உண்மையில் அது கண்ணிலும் கணக்கிலும் இருக்கிறது. லாரி கொட்டிய குவியலில் கொக்கிக் கம்பியை விட்டுக் கிளறும் அந்தக் கணத்தில், பால் கவர் எது, தண்ணீர் பாட்டில் எது, உடைந்த பிளாஸ்டிக் வாளி எது, அலுமினியம் எது, எதற்குக் காயலான் கடையில் இன்று என்ன விலை என்று பிரித்தாக வேண்டும். பின்னால் நகரும் வண்டியையும் கவனித்தாக வேண்டும். துறைமுகத்தில் கண்டெய்னரைக் கட்டுகிறவருக்கும், காசிமேட்டு ஏலத்தில் நிற்கும் மீன்காரிக்கும், ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் இதே கதைதான். வேகம் ஒரு பங்கு குறைந்தால் கூலியும் அன்றைக்கே குறைகிறது. மாதச் சம்பள அலுவலகத்தில் மறதியை நாட்குறிப்பேடு மறைத்துக்கொடுக்கும். துண்டுக்கணக்கில் பிழைப்பவருக்கு அந்த மறைப்பு இல்லை.

இந்த மந்தத்துக்கு வைரஸ்தான் காரணம் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மனம் உடைந்ததற்கு வைரஸ் எதற்கு, ஊரடங்கு போதாதா? வேலை போனது, கந்துவட்டி ஏறியது, பள்ளி மூடியது, நெருங்கியவர் உடலைக்கூடப் பார்க்க விடாமல் அடக்கம் செய்தார்கள். இத்தனைக்கும் பிறகு தூக்கம் கெட்டால் அதற்கு நரம்பியல் விளக்கம் தேட வேண்டுமா? நியாயமான கேள்வி. 2022இல் வந்த ஓர் ஆய்வு இதற்குப் பாதி ஆமாம், பாதி இல்லை என்று பதில் சொல்கிறது. கொரோனா கண்ட சுமார் 12.8 லட்சம் பேரை, அதே காலத்தில் வேறு சுவாசத் தொற்று கண்ட அதே எண்ணிக்கையினரோடு இரண்டு ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். பெருந்தொற்றுக் காலத்தின் சூழல் இரு தரப்புக்கும் பொது. வேறுபட்டது வைரஸ் மட்டும். மனச்சோர்வும் பதற்றமும் கொரோனா கண்டவர்களிடம் தொடக்கத்தில் கூடுதலாக இருந்து, ஓரிரு மாதங்களில் மற்றவர்கள் அளவுக்கு இறங்கிவிட்டன. ஆனால் மூளை மந்தமும், முதியவர்களிடம் மறதிநோயும், மனப்பிறழ்வும், வலிப்பும் இரண்டு ஆண்டு முடிவிலும் கூடுதலாகவே இருந்தன. ஆகவே துயரத்தை எல்லாம் வைரஸின் தலையில் கட்டுவது தவறு. நினைவிழப்பை எல்லாம் துயரத்தின் தலையில் கட்டுவதும் அதே அளவு தவறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக்கூடிய ஒருவர் முன்னால் நோயாளி உட்கார வேண்டும் என்பதுதான் இதிலிருந்து வரும் முடிவு.

அடுத்த மறுப்பு அளவைப் பற்றியது. மூன்று புள்ளி என்பது ஒரு தனி மனிதர் உணரக்கூட முடியாத வித்தியாசம். ஆய்வுகள் வெள்ளையர் நாடுகளில் நடந்தவை. தடுப்பூசிக்கும் ஒமைக்ரானுக்கும் பிறகு பாதிப்பு குறைந்துவிட்டது. இவற்றில் கடைசிப் பகுதி உண்மை. அதே இங்கிலாந்து ஆய்வில், தொடக்க கால வைரஸ் தொற்றியவர்களிடம்தான் குறைவு அதிகம். பிந்தைய வகைகளில் கம்மி. ஆனால் அந்த உண்மை கொடுங்கையூருக்கு ஆறுதல் தரவில்லை, எதிராகவே நிற்கிறது. தடுப்பூசி வருமுன், 2020 ஜூலைக்குள்ளேயே, பழைய வகை வைரஸைத்தான் இந்த மண்டலம் 44 சதவீதம் வரை வாங்கிக்கொண்டது. மேலும், இங்கே மூளைகள் புத்தம்புதிதாகக் கொரோனாவைச் சந்திக்கவில்லை. எரியும் குப்பையின் புகை, மணலி ஆலைகளின் காற்று, எண்ணூர்ச் சாலையின் லாரிப் புகை ஆகியவை பல பத்தாண்டு வேலை செய்த மூளைகள் அவை. காற்று மாசை மறதிநோய்க்கான காரணிகளில் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் குழு சேர்த்ததும் அதே 2020இல்தான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காசநோய் வந்துபோன நுரையீரல் ஆகியவற்றோடு சேரும்போது மூன்று புள்ளி மூன்றாகவே நிற்குமா என்று வெள்ளையர் நாட்டு ஆய்வு சொல்லாது. அதை இங்கேதான் அளக்க வேண்டும். வேறு இடத்து ஆய்வு என்ற ஆட்சேபம், இங்கே ஆய்வு செய்யாமல் இருப்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

மூன்றாவது மறுப்பு நிர்வாகத்தினுடையது: காசநோயும் டெங்குவும் பிரசவமும் வரிசையில் நிற்கும்போது, குணமானவர்களின் பின்னால் ஓட ஏழை நாட்டில் யாருக்கு நேரம்? இந்தக் கேள்விக்குச் சென்னை ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. 1956இல் மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து இங்கே காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டு மருத்துவம் சானடோரியத்துக்குச் சளைத்ததல்ல என்று 1959இல் வந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு: ஓராண்டுச் சிகிச்சை முடிந்ததோடு அவர்கள் கணக்கை மூடவில்லை. நோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். கணினி இல்லை, கைபேசி இல்லை. அட்டையும் வீடு தேடிப்போன ஊழியர்களும்தான். இன்னும் பின்னே போனால், வட சென்னையின் பெரிய மருத்துவமனையான ஸ்டான்லியின் வேரே 1782 பஞ்சத்தில் திறந்த மணியக்காரர் சத்திரத்தில், அதன் கஞ்சித்தொட்டியில் இருக்கிறது. நலிந்தவர் தேறும்வரை சோறிட்டு வைத்திருந்த இடம், மருத்துவமனையாக வளர்ந்தது. நோய் நீங்குவதும் ஆள் தேறுவதும் ஒன்றல்ல என்ற அறிவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நிர்வாகம் இடையில் தொலைத்துவிட்டது, அவ்வளவுதான்.

தொழிலாளர் சட்டத்திலும் அந்த அறிவின் தடம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (ஈ.எஸ்.ஐ.) சட்டம் உருவாக்கிய திட்டப்படி சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் உண்டு. அதோடு நிற்காமல், காசநோய், தொழுநோய், மனப்பிறழ்வு முதலான 34 நீண்டகால நோய்களுக்கு இரண்டு ஆண்டு வரை 80 சதவீதம் தரும் நீட்டிப்பும் உண்டு. மெதுவாகத் தேறுகிறவரும் தொழிலாளிதான் என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. 2021இல் கொரோனாவுக்கென்று ஈ.எஸ்.ஐ. கொண்டுவந்த சிறப்புத் திட்டமோ இறந்தவரின் குடும்பத்துக்கு ஊதியத்தில் 90 சதவீதம் மாதந்தோறும் தந்தது. வரவேற்க வேண்டிய உதவி. ஆனால் செத்தவருக்குத் திட்டம் இருந்தது, தேறாதவருக்கு இல்லை. மாலை அறிக்கையின் கணக்கே இங்கும் நடந்தது. அதுவும் ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும். கிடங்கில் பொறுக்குகிறவருக்கும், வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும், தினக்கூலி மூட்டைக்காரருக்கும் அட்டையே இல்லை. கொரோனா வந்ததற்குச் சீட்டும் இல்லாததால், நாளை ஒரு திட்டம் வந்தாலும் அவர்கள் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள். ஆகவே இந்த மண்டலத்தில் பழைய பரிசோதனை முடிவைக் கேட்பதே அநீதி. ஊர் முழுவதற்கும் ரத்தம் ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டது.

செய்யக்கூடியது பெரிய செலவும் அல்ல. 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீடு வீடாகப் போகிறார்கள். அதே வாசலில் நான்கைந்து கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம்: மறதி கூடியிருக்கிறதா, கவனம் நிற்கிறதா, தூக்கம் வருகிறதா, முன்பு செய்த வேலையை அதே வேகத்தில் செய்ய முடிகிறதா. தொந்தரவு இருக்கிறது என்பவர்களை ஸ்டான்லியில் நரம்பியலும் மனநலமும் ஒரே நாளில், ஒரே அறையில் பார்க்கட்டும். தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் குறைவு என்று எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்கள் அங்கேயே பிரிந்துவிடும். மீதிப் பேரை, 1956இல் செய்ததுபோல, ஐந்து ஆண்டு தொடரட்டும். ஈ.எஸ்.ஐ. தன் நீண்டகால நோய்ப் பட்டியலைத் திறந்து பார்க்கட்டும். கொடுங்கையூரில் பல ஆண்டுக் குப்பையை அகழ்ந்து பிரிக்கப் பல நூறு கோடி ஒதுக்கத் தெரிந்த நகரத்துக்கு இது எட்டாத காரியமல்ல. அதுவரைக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ காய்ச்சலுக்குப் பின் மந்தமாகிப்போன ஒருவர் இருந்தால் அவரைச் சோம்பேறி என்று முத்திரை குத்தாதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு உடன் போங்கள். மனம் சோர்ந்து பேச ஆள் இல்லாதவருக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேச ஆள் உண்டு, கட்டணம் கிடையாது.